கூடைக்காரியின் கணக்கு

என் முகத்தை நானே அயன் பண்ணிப் பொசுக்கினேன்.

பயப்படாதீர்கள், கன்னத்தை அல்ல. தேசிய அடையாள அட்டையில் இருந்த முகத்தை. 1999 ஜூன் மாதம் அது. மழை பிடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சுவர், அரிசி, அப்பாவின் பீடி எல்லாவற்றிலும் ஒரே ஈரம். அட்டையின் பிளாஸ்டிக் உறை ஒரு மூலையில் சுருண்டு, படமெடுத்த பாம்பு மாதிரி நின்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நுவரெலியாவில் எனக்கு இன்டர்வியூ. தோட்டப் பாடசாலைகளுக்குக் கணித ஆசிரியர்கள் எடுக்கிறார்கள். கடிதத்தில் "அடையாள அட்டையுடன் சமுகமளிக்கவும்" என்று போட்டிருந்தது. சுருண்ட அட்டையோடு போனால் ஆளும் சுருண்டவன் என்று நினைத்துவிடுவார்களே. சட்டையை அயன் பண்ணிய சூட்டோடு சூடாக, அட்டையின் மேல் ஒரு பத்திரிகைத் தாளை விரித்து அயன் பெட்டியை வைத்து அழுத்தினேன். சிரட்டைக் கரி அன்றைக்கென்று நன்றாகக் கனிந்திருந்தது.

தாளை உரித்தபோது முகத்தில் ஒரு காதும் அரை மூக்கும்தான் மிச்சம். மற்ற இடமெல்லாம் பத்திரிகையில் இருந்த மரண அறிவித்தல் ஒன்று கண்ணாடியில் தெரிவது மாதிரி திரும்பி ஒட்டியிருந்தது.

அம்மா வாங்கிப் பார்த்தாள். "கணக்கு படிச்ச புள்ள" என்றாள். காலையிலிருந்து மழையில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவள், வீட்டுக்குள் வந்து வீணாக வாயைத் திறக்க மாட்டாள்.

கிராம சேவகர்தான் வழி சொன்னார். "பொலிசுல போயி ஒரு முறைப்பாடு எழுதி, துண்டு வாங்கிக்கங்க. இன்டவியூவுக்கு அந்தத் துண்டக் காட்டலாம்."

சந்தேகத்தில் தமிழர்களைப் பிடித்த அந்த யுத்த வருடங்களில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பொலிஸ் ஸ்டேஷனைக் கண்டால் ரோட்டின் மறுபக்கம் போவார்கள். ஐ.சி. என்கிற இந்த அட்டை இல்லாதவன் டவுனுக்கே போக மாட்டான். நான் புதன்கிழமை காலை, அயன் பண்ணிய சட்டை, வாரிய தலை, கருகிய அட்டை, இன்டர்வியூ கடிதம் சகிதம் பஸ் ஏறி, ஸ்டேஷன் படியேறி, "குட்மோர்னிங் சார்" என்றேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். எங்கள் இறம்பொடையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம், அவ்வளவுதான்.

மேசையில் இருந்த கொன்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தாகப் பத்து நிமிஷம். நீளப் புத்தகம் ஒன்றில் என் பெயரை எழுதினார். அதன் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு கிழித்தார். பேனாவை மூடி, "ஹரி", சரி, என்று சிங்களத்தில் பெருமூச்சு விட்டார். ஒரு வேலை முடிந்த மனிதனின் பெருமூச்சு. துண்டு தரப்போகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் எழுந்து என் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்.

உள்ளே நாலு பேர் படுக்கிற அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். கம்பிக் கதவு பின்னால் மூடியபோது ஒரு மூலையிலிருந்து யாழ்ப்பாணத்துக் குரல் ஒன்று கேட்டது.

"என்ன தம்பி, உம்மை எங்க வச்சுப் பிடிச்சவை?"

"புடிக்கலிங்க. நானா வந்தேன்."

அவர் பக்கத்து ஆளைத் தட்டி, "கேட்டீரே, இவர் தானா வந்தவராம்" என்றார். ஒன்பது பேரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் ஒரு சபை முழுக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவர் நடராசா. நாற்பது வயதிருக்கும். தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தது ஒன்றுதான் அவர் செய்த வேலையில் பிசகு.

"ஏன் புடிச்சாங்கன்னு கேட்டீங்களாண்ணே?"

"எனக்கு இது அஞ்சாந் தரம். காரணம் கேக்கிறதை மூண்டாந் தரத்தோட விட்டிட்டன்."

எனக்கு விட முடியவில்லை. கணக்குப் படித்தவனுக்கு உள்ள வியாதி அது. விடை வந்தால் போதாது, வழியும் வேண்டும். கதவருகில் வருகிற எல்லோரையும் கேட்டேன். காவலில் நின்ற கொன்ஸ்டபிள் "விசாரணை" என்றார். பிளேன்டீ கொண்டுவந்தவர் "கொழும்புல இருந்து பதில் வரணும்" என்றார். ஸ்டேஷன் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., ஒரு தடவை அந்த வழியாகப் போனார். அட்டையைத் தூக்கிப் பிடித்து, யார் எரித்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்றார். அயன் பண்ணினேன் என்றேன். உண்மைதான். ஆனால் பொலிஸ் ஸ்டேஷனில் சொல்லக்கூடிய உண்மை இல்லை அது.

வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் எட்டுப் பேர் போய்விட்டார்கள். தோட்டங்களிலிருந்து பெரிய கிளாக்கர்மார் கடிதத்தோடு வந்து, தங்கள் ஆளை அடையாளம் காட்டிக் கூட்டிப் போனார்கள். மிச்சம் நானும் நடராசா அண்ணனும்.

அப்போதுதான் சார்ஜன் அபேகோன் வந்தார். கட்டை குட்டையான மனிதர். கொத்மலைப் பக்கம் ஒரு லயத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். எங்களை மாதிரியே தமிழ் பேசுவார், கெட்ட வார்த்தை உட்பட. கையில் என் இன்டர்வியூ கடிதம்.

"டேய், நீ கணக்கு மாஸ்டரா?"

"இன்னும் இல்லிங்க மாத்தயா. செவ்வாக்கெழம தெரியும்."

நடையின் இரண்டு பக்கமும் பார்த்தார். மழைக் கோட்டுக்குள் கையை விட்டார். நான் கம்பியை விட்டு ஒரு அடி பின்னால் போனேன். வெளியே வந்தது சாம்பல் நிறத்தில், செங்கல் பருமனில் ஒரு விளையாட்டுச் சாமான்.

"தம்பி ஜப்பான்ல இருந்து மகளுக்கு அனுப்பினான். மூணு கெழமையா இதுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றார். "மகளுக்கு" என்று தொடங்கிய பேச்சு "நிக்கிறேன்" என்று முடிந்ததை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காட்டினார். பூதங்களைப் பிடித்துப் பழக்கி, மற்றப் பூதங்களோடு மோதவிடுகிற விளையாட்டு. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. எண்கள் மட்டும் நம்முடையவை. சார்ஜனிடம் சின்ன இறக்கை முளைத்த எருமை ஒன்று இருந்தது. தொண்ணூறு உயிர். அதை வைத்துக்கொண்டு நாடெல்லாம் ஜெயித்து, கடைசியில் ஒரு குகைக்குள் வந்திருக்கிறார். குகையில் காவலுக்கு நின்றவளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் முக்காடு, முதுகில் கூடை. அசல் எங்கள் மலையில் கொழுந்து எடுக்கிறவள் மாதிரி.

"கூடைக்காரி" என்றேன்.

"அவளேதான். பேய்."

கூடைக்காரிக்கு ஒரே ஒரு வித்தைதான். தன் முறை வந்தால் கையைப் பின்னால் கூடைக்குள் விடுவாள். எதையோ எடுப்பாள். வீசுவாள். நெருப்பு வரும். பனி வரும். சில நேரம் ஒரு பாறை வந்து எருமையின் உயிரில் ஐம்பத்தெட்டை ஒரே அடியில் கொண்டுபோகும். சில நேரம் ஒரு பூ வந்து எருமைக்கே உயிர் கூடும். சில நேரம் தூக்கம் வந்து எருமை ஒரு முறை சும்மா கிடக்கும். சில நேரம் கல் அவள் தலையிலேயே விழும். சில நேரம் கூடை வெறும் கூடை. தலையைச் சொறிந்துகொண்டு நிற்பாள். எது எப்போது என்று தெரியாது.

"ஓட முடியாதுங்களா மாத்தயா?"

ஓடுவதற்குத் திரையில் ஒரு வரி இருந்தது. சார்ஜன் அதை அமுக்கினார். ஜப்பான் எழுத்தில் ஒரு வசனம் வந்தது. "டொய்ங்" என்று ஒரு சத்தம். பழையபடி கூடைக்காரி முன்னால் நின்றாள். அந்த வசனத்துக்கு எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"அவ எப்ப எத எடுப்பான்னு ஒரு கணக்கு இருக்கணும்" என்றார் சார்ஜன். "மெசின்தானே? மெசின்ல கணக்கு இல்லாம இருக்குமா? நீ அத கண்டுபிடி. நான் ஓ.ஐ.சி.கிட்ட பேசுறேன். செவ்வாக்கெழம நீ இன்டவியூ போகலாம்."

"தம்பிக்கு உத்தியோகம் கிடைச்சிட்டுது" என்றார் நடராசா அண்ணன் மூலையிலிருந்து.

அப்படித்தான் கூடைக்காரியின் கூடையும் என் செவ்வாய்க்கிழமையும் ஒன்றோடொன்று முடிச்சு விழுந்தன. பழைய முறைப்பாட்டுப் படிவங்களின் பின்பக்கமும் ஒரு துண்டுப் பென்சிலும் கிடைத்தன. கூடைக்குள் எத்தனை சாமான் என்று முதலில் எண்ணினேன். பன்னிரண்டு. ஒவ்வொன்றும் வந்த வரிசையை எழுதினேன். எருமையின் உயிர் எத்தனை இருக்கும்போது வந்தது, எந்தப் பொத்தானை அமுக்கியபோது வந்தது, வெளியே மழை பெய்ததா என்பதையும் எழுதினேன். சார்ஜன் டியூட்டிக்குப் போகும்போது சாமானை என்னிடமே விட்டுவிட்டுப் போவார். "பெற்றரி கவனம்" என்பார். ஆள் ஓடிவிடுவான் என்ற கவலையே இல்லை. பெற்றரி ஓடிவிடும் என்ற கவலைதான்.

வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள். பொட்டலத்தில் ரொட்டி, கட்டச் சம்பல். மடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு தாள். முகம் வெற்றிக்களையோடு இருந்தது.

"பாதர்கிட்ட போயி ஒன் ஞானஸ்நானச் சீட்ட வாங்கியாந்து குடுத்துட்டேன்டா. ஒப்பன் பேரு, ஏம் பேரு, எல்லாம் சீல் வச்சு இருக்கு. இனிமே விட்ருவாங்க."

"அதுல ஏம் பேரு என்னன்னு போட்டிருக்கும்மா?"

"ஜூலியன்னு. வேற என்ன போடுவாங்க?"

விஷயம் இதுதான். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதுக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று பேர் வைத்தால் எமன் ஏமாந்து போவான் என்று லயத்தில் சொல்லியிருக்கிறார்கள். பிறப்பை எழுதத் தோட்டத்துக் கிளாக்கர் வந்தபோது, அப்பா பயத்தில் மூக்கன் என்று சொல்லிவிட்டார். மறு மாதம் கோயிலில் பாதர் ஜூலியன் என்று தண்ணீர் ஊற்றினார். எமனையும் பகைக்கவில்லை, மாதாவையும் பகைக்கவில்லை. இருபத்து மூன்று வருஷமாக நான் வீட்டில் ஜூலியன், அட்டையில் மூக்கன். தோட்டத்தில் யாருக்கும் இது ஒரு விஷயமே இல்லை. பாதி லயம் அப்படித்தான்.

ஸ்டேஷனில் விஷயமாகிவிட்டது. அரை மணி நேரத்தில் ஒரு கொன்ஸ்டபிள் வந்து, அட்டையையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஜூலியன் எங்க?"

"நான்தான் சார்."

"நீ மூக்கன்."

"ரெண்டும் நான்தான் சார்."

"அப்ப ஜூலியன் எங்க ஒளிஞ்சிருக்கான்?"

காலையில் அவர்களிடம் ஒரு சந்தேக நபர் இருந்தான். இப்போது இரண்டு பேர், அதில் ஒருத்தன் தலைமறைவு. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களில் கொழுந்துக் கறை. "நான் கெடுத்துட்டேனாடா?" என்றாள்.

"சீச்சீ. இனி என்ன வெளிய விட்டாலும் ஒருத்தன் உள்ள இருப்பான்மா. அவங்களுக்கும் நிம்மதி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். அவள் போன பிறகு அந்த ரொட்டியை நான் கொஞ்ச நேரம் சாப்பிடாமல் வைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் எனக்கு ஒரு விதி கிடைத்தது. நெருப்புக்குப் பிறகு பனி. தொடர்ந்து மூன்று தடவை அப்படி வந்தது. சார்ஜன் வந்ததும் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, கரும்பலகை முன்னால் நிற்கிற தோரணையில் விளக்கினேன். "நெருப்பு வந்தா பயப்படாதீங்க மாத்தயா. அடுத்தது பனிதான். பனி பத்துதான் எடுக்கும். அப்ப நீங்க பெரிய முட்டு முட்டலாம்." பெரிய முட்டுக்கு எருமை ஒரு முறை சும்மா நின்று மூச்சுப் பிடிக்க வேண்டும். சார்ஜனுக்கு அந்த முட்டு என்றால் உயிர்.

சனிக்கிழமை காலை அவர் விளையாடினார். நெருப்பு வந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எருமை மூச்சுப் பிடித்தது. கூடைக்காரி கையை விட்டாள். பாறை.

எருமை போய்ச் சேர்ந்தது. சார்ஜன் வாயிலிருந்து வந்ததை எழுத முடியாது. "மாஸ்டராம் மாஸ்டர்! நீ புள்ளைகளுக்குப் படிப்பிச்சா தோட்டமே பெயிலு!" அன்றைக்கு எனக்குப் பிளேன்டீ வரவில்லை. பாவம், நடராசா அண்ணனுக்கும் வரவில்லை.

"உம்மட விதியால என்ர தேத்தண்ணியும் போச்சு" என்றார் அவர்.

பிறகு நான் கண்டுபிடித்த விதிகளைச் சொன்னால் நீங்கள் என்னிடம் பிள்ளைகளை அனுப்ப மாட்டீர்கள். எருமையின் உயிர் ஒற்றை எண்ணாக இருந்தால் பாறை. ஏழாவது முறை பூ. இடது கட்டை விரலால் அமுக்கினால் தூக்கம். ஒவ்வொன்றும் மூன்று தடவை சரிவரும், நாலாவது தடவை என் மூஞ்சியில் பாறையாக விழும். நாள் குறைந்துகொண்டு வந்தது. அறையில் ஒரே ஒரு ஜன்னல், உயரத்தில். அதில் மழை தெரியும், மலை தெரியாது. எட்டு அடி நடந்தால் சுவர். நான் நடப்பது எட்டா ஒன்பதா என்று கூட எண்ணி எழுதத் தொடங்கியிருந்தேன். எல்லாவற்றிலும் கணக்குத் தேடினேன். மூக்கனா ஜூலியனா, கருகிய அட்டையா, இறம்பொடையா, என் தலைவாரலா? எதை மாற்றினால் கதவு திறக்கும்? கொன்ஸ்டபிளுக்கு ஒரு நாள் "சார்" என்றேன், மறுநாள் சிங்களத்தில் "மாத்தயா" என்றேன். இரண்டுக்கும் அவர் கொட்டாவிதான் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் இருநூற்று நாற்பது தடவை கூடைக்காரி கூடைக்குள் கையை விட்டிருந்தாள். பன்னிரண்டு சாமான். ஒவ்வொன்றும் எத்தனை என்று கூட்டினேன். பத்தொன்பது, இருபத்தொன்று, இருபது, பதினெட்டு, இருபத்திரண்டு. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் பங்கு வைத்த மாதிரி. எதற்குப் பிறகு எது என்று பார்த்தால் எதற்குப் பிறகும் எதுவும் வந்திருக்கிறது.

நடராசா அண்ணன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பொழுது போகாமல்தான். "ஏன் தம்பி, உவள் கூடைக்குள்ள பாத்தே எடுக்கிறாள்?"

"என்னண்ணே?"

"இல்லை, கேட்டனான். நீர் நாலு நாளா உவளின்ர மனசைப் படிக்கிறீர். உவள் தன்ர கூடையைப் பாக்கிறாளோ எண்டு பாத்தீரே?"

மறுபடி அமுக்கினேன். கூடைக்காரியின் கண்கள் இரண்டு புள்ளி. கையைப் பின்னால் கொண்டுபோகிறபோது அந்த இரண்டு புள்ளியும் இரண்டு கோடாக மாறின. கண்ணை மூடுகிறாள். இருநூற்று நாற்பது தடவை என் முன்னால் கண்ணை மூடியிருக்கிறாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளுக்கே தெரியாது. எது கைக்கு வருகிறதோ அதுதான். எருமை நல்லதா கெட்டதா, எங்கேயிருந்து வந்தது, அதன் பேர் என்ன, எதுவும் அவளுக்குக் கிடையாது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த நிமிஷம் சார்ஜனின் ஞாபகம் வந்தது. சார்ஜன் கேட்டது கணக்கு. "கணக்கு இல்லை" என்று சொன்னால் என் செவ்வாய்க்கிழமை?

"ஒரு பொய்யைச் சொல்லிவிடும்" என்றார் நடராசா அண்ணன். "இடது காலைத் தூக்கினா நெருப்பு எண்டு சொல்லும். அவர் நம்பி ஓ.ஐ.சி.யிட்டக் கதைக்கட்டும். வெளியில போனாப் பிறகு பாறை விழுந்தா உமக்கென்ன? அவை எங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் சொல்லேல்லையே?"

நியாயமாகத்தான் பட்டது. இரவு முழுக்க அந்தப் பொய்யை அயன் பண்ணி மடித்து வைத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் போல சார்ஜன் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். வழமையான கிண்டல் இல்லை.

"மாஸ்டர், எனக்கு புதன்கெழம வவுனியா."

வவுனியா என்றால் சண்டைப் பக்கம். "ஏன் மாத்தயா திடீர்னு?"

"ஏன்னு நானும் கேட்டேன். பேப்பர்ல பேரு இருக்குன்னாங்க." சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு இத மகள்கிட்ட குடுக்கணும். குகையைத் தாண்டித்தான் தருவேன்னு சொல்லிட்டேன். அப்பாவால முடியலன்னு சொல்லிட்டுப் போக இஷ்டமில்ல. சொல்லு, கண்டுபிடிச்சிட்டியா?"

இடது கால் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிவிட்டேன். என்னைப் பூட்டி வைத்திருக்கிற ஆளுக்காக எனக்கு மனசு இளகுகிறது. இப்படி ஒரு மடையனை அரசாங்கம் சம்பளம் கொடுத்து எடுக்கத்தான் வேண்டுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"மாத்தயா, கணக்கு இல்லிங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. என்ன என்று சிங்களத்தில் கேட்டார். "மொகத?"

"அவ கண்ண மூடிக்கிட்டு எடுக்குறா. பாருங்க. பன்னெண்டும் சமமா வருது. அடுத்தது என்னன்னு நானும் சொல்ல முடியாது, அவளும் சொல்ல முடியாது. இந்தச் சாமானச் செஞ்ச ஜப்பான்காரனும் சொல்ல முடியாது."

நடராசா அண்ணன் மூலையில் தலையில் கை வைத்தார்.

"அப்ப நான் தோத்துக்கிட்டே இருக்கணுமா?"

"இல்லிங்க. நாம இத்தன நாளா அவ என்ன செய்வான்னு பாத்தோம். அத விட்ருங்க. அவ ஆகக் கெட்டதா என்ன செய்ய முடியும்? பாறை. ஐம்பத்தெட்டு. அவ்வளவுதான். எருமைக்கு அறுபதுக்குக் கீழ உயிர் வந்தா முட்டாதீங்க, புல்லு குடுத்து உயிர ஏத்துங்க. அறுபதுக்கு மேல இருந்தா சின்னதா ஒரு முட்டு. பெரிய முட்டு வேண்டவே வேணாம், மூச்சுப் புடிக்கிற நேரத்துல பாறை வரும். தூக்கம் வந்தா மட்டும் ஆண்டவர் விட்ட வழி. மத்ததெல்லாம் வரட்டும்."

"நோண்டி நோண்டி அடிக்கச் சொல்ற."

"ஆமாங்க."

அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமலேதான் தொடங்கினார். நெருப்பு. புல். சின்ன முட்டு. பூ வந்தது, "பைத்தியக்காரி" என்றார். பாறை வந்தது, எருமைக்கு இருபது மிச்சம். சார்ஜனின் கட்டை விரல் பழக்க தோஷத்தில் பெரிய முட்டுப் பக்கம் போனது. "புல்லு, புல்லு!" என்று கத்தினோம், நானும் நடராசா அண்ணனும் சேர்ந்து. அவர் எப்போது மூலையை விட்டு எழுந்து கம்பிக்கு வந்தார் என்று தெரியவில்லை. புல். திரும்பவும் புல். ஒரு தடவை தூக்கம் வந்து எருமை குறட்டை விட்டது. கூடைக்காரி கண்ணை மூடினாள், கையை விட்டாள், வெறுங்கையோடு தலையைச் சொறிந்தாள். பெற்றரி விளக்கு மங்கியது. சார்ஜன் டோர்ச்சைத் திறந்து அதிலிருந்த பெற்றரியை எடுக்கலாமா என்று யோசித்த நேரத்தில், ஒரு சின்ன முட்டில், கூடைக்காரி பொத்தென்று உட்கார்ந்தாள். கூடை கவிழ்ந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. குகையின் மறுபக்கம் வெள்ளையாகத் திறந்தது.

சார்ஜன் கம்பிக்குள் கையை விட்டு என் தலையைப் பிடித்து ஆட்டினார். கண் கொஞ்சம் ஈரமாக இருந்ததோ என்னவோ. அந்த மாதம் எல்லாமே ஈரம்.

"மாத்தயா" என்றேன். "நீங்க கேட்டதுக்கு நான் நேரா பதில் சொன்னேன். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நான் ஏன் இங்க இருக்கேன்? மூக்கனாலயா, ஜூலியனாலயா, அயன் பெட்டியாலயா?"

மூன்றாந் தரத்தோடு கேட்பதை விட்ட நடராசா அண்ணனும் காதைக் கம்பிக்குக் கொடுத்தார்.

சார்ஜன் நடையின் இரண்டு பக்கமும் பார்த்தார். சாமானை அணைத்தார். சின்ன வெளிச்சம் போனது.

"ஒண்ணாலயும் இல்ல மாஸ்டர். அன்னைக்குப் பத்து மணிக்குள்ள பத்துப் பேரு புடிச்சோம்னு மேல அறிக்கை அனுப்பணும். ஒம்பது பேருதான் இருந்தாங்க. ஜீப்புல டீசல் இல்ல, மழை வேற. எங்க போயி ஆள் தேடுறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கறப்ப நீ சட்டையெல்லாம் அயன் பண்ணிக்கிட்டு குட்மோர்னிங் சொல்லிக்கிட்டு வந்த. ஒன் பேரையும் யாரும் பாக்கல, மூஞ்சியையும் பாக்கல. நாளைக்குக் காலைல வேற பத்துப் பேரு எழுதணும். அதுக்கு முன்னால பழைய பக்கத்த மூடிருவாங்க. ஆறு மணிக்கு ஒன்னையும் தபால் மாத்தயாவையும் விட்ருவாங்க, துண்டும் எழுதித் தரச் சொல்றேன், ஒம்பது மணிக்கு நீ நுவரெலியாவுல இருக்கலாம். ஆனா வெளிய போனா வாசல்ல நிக்காத. முன்னுக்கு இருக்கிற ஹோல்ட்டுலயும் பஸ்ஸுக்கு நிக்காத, தள்ளி நடந்து போயி ஏறு. ஜீப்புக்கு இன்னும் டீசல் வரல."